வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு தலைசுற்றலும் தள்ளாட்டமும்: மாத்திரை எத்தனை நாள், பயிற்சி எப்போது?

#1 | பிசியோ_நிலைப்பு

காய்ச்சல், சளி விட்ட கையோடு, அல்லது ஒன்றிரண்டு வாரம் கழித்து, திடீரென்று அறையே சுழல ஆரம்பிக்கும். வாந்தி நிற்காது. எழுந்து நடந்தால் ஒரே பக்கமாக இழுக்கும். ஓரிரு நாளில் சுழற்சி அடங்கினாலும் தள்ளாட்டம் வாரக்கணக்கில் நீடிக்கும். 'வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ்' (உள்காதின் சமநிலை நரம்பு அழற்சி) என்று எழுதி பிசியோவுக்கு அனுப்பப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு மாதம் கழித்துத்தான் வந்து சேர்கிறார்கள். அதுவரை ஓய்வும் தலைசுற்றல் மாத்திரையும்தான் சிகிச்சையாக இருந்திருக்கும். குணமாவது தாமதமாவதற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் கருத்து.

துறையில் இருப்பவர்கள் மூன்று விஷயங்களை விவரமாக எழுதினால் பலருக்கும் பயன்படும். முதலில் எதை விலக்க வேண்டும்? மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும்? பயிற்சியை எந்த நாளில், எந்த அளவில் தொடங்க வேண்டும்? மூன்றாவதை நான் எழுதுகிறேன்.

#2 | செவிமருத்துவம்

நோய் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும், அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

இரண்டு உள்காதுகளிலிருந்தும் மூளைக்குச் செல்லும் சமநிலை நரம்புகள் நாம் அசையாமல் இருக்கும்போதும் ஓயாமல் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். தலையை வலப்பக்கம் திருப்பினால் வலது நரம்பில் துடிப்பு கூடும், இடதில் குறையும். இந்த வித்தியாசத்தைத்தான் மூளை 'திரும்புகிறோம்' என்று படிக்கிறது. இப்போது வலது நரம்பு அழற்சியால் திடீரென்று அடங்கிப்போனால், இடது நரம்பின் வழக்கமான துடிப்பு மட்டும் வரும். தலை அசையவே இல்லை, ஆனாலும் 'இடப்பக்கம் வேகமாகச் சுழல்கிறோம்' என்று மூளை முடிவு செய்துவிடும். சுழற்சி, வாந்தி, கண் ஆட்டம், கெட்ட காதின் பக்கம் சாய்வது எல்லாம் இந்த ஒரே கோளாறின் விளைவுகள்.

பெரும்பாலும் பாதிக்கப்படுவது சமநிலை நரம்பின் மேல்கிளை. அது செல்லும் எலும்புக் குழாய் கீழ்க்கிளையின் குழாயைவிட நீளமானது, குறுகலானது. நரம்பு வீங்கினால் அங்கே இடமில்லாமல் நசுங்குகிறது. தலை திரும்புவதை உணரும் கிடைமட்ட, முன் அரைவட்டக் குழல்களும், தலையின் சாய்வை உணரும் சிறு பையான யூட்ரிகிளும் இந்த மேல்கிளையின் பொறுப்பில் உள்ளவை. பின் அரைவட்டக் குழல் கீழ்க்கிளையில் இருப்பதால் அது பெரும்பாலும் தப்பிவிடும். பின்னால் வரும் ஒரு சிக்கலுக்கு இதுதான் காரணம். அதை யாராவது எழுதுவார்கள் என்று நினைக்கிறேன்.

வைரஸ் பங்கு பற்றி: ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸ் சமநிலை நரம்பின் முடிச்சில் உறங்கிக் கிடப்பது பிரேத ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. உடல் சோர்ந்த நேரத்தில் அது விழித்துக்கொள்வதாகக் கருதப்படுகிறது. ஆனால் ஒரு தனிப்பட்ட நோயாளியிடம் 'இந்த வைரஸ்தான்' என்று காட்டக்கூடிய ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. அதற்காக வைரஸ் பட்டியல் ஒன்றை எழுதி ரத்தம் கொடுத்துப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

#3 | நரம்பியல்_அவசரம்

பயிற்சி, மாத்திரை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: இது காதா, மூளையா? சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் ரத்தம் போகாமல் வரும் பக்கவாதம் அப்படியே நியூரைட்டிஸ் போலவே தொடங்கலாம். கை கால் செயலிழக்காமல், பேச்சு குழறாமல், வெறும் சுழற்சியும் வாந்தியுமாக வரலாம். 'காய்ச்சல் வந்திருந்தது, அதனால் வைரஸ்தான்' என்பது ஆபத்தான தர்க்கம். காய்ச்சல் வந்தவருக்கும் பக்கவாதம் வரும்.

இதைப் பிரிக்க 2009இல் வெளிவந்த ஹின்ட்ஸ் என்ற மூன்று அம்சக் கண் பரிசோதனை இருக்கிறது.

முதலாவது தலை உந்துதல் சோதனை. 1988இல் ஹல்மாகி, கர்தோய்ஸ் இருவரும் விவரித்தது. நோயாளி மருத்துவரின் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்க, தலையை 10 முதல் 20 டிகிரி வரை சட்டென்று திருப்ப வேண்டும். நல்ல பக்கம் திருப்பினால் கண் மூக்கின் மீதே நிற்கும். கெட்ட பக்கம் திருப்பினால் கண்ணும் தலையோடு போய்விட்டு, ஒரு குதிப்பில் மூக்குக்குத் திரும்பி வரும். அந்தக் குதிப்பு தெரிந்தால் கோளாறு காது நரம்பில் இருக்க வாய்ப்பு அதிகம். தொடர்ந்து சுற்றிக்கொண்டிருப்பவரிடம் இந்தச் சோதனை இயல்பாக இருந்தால்தான் பயப்பட வேண்டும். பயிற்சி மருத்துவர்கள் அடிக்கடி தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இது.

இரண்டாவது, கண் ஆட்டத்தின் திசை. நியூரைட்டிஸில் வேகமான துடிப்பு எப்போதும் நல்ல காதின் பக்கமே இருக்கும். அந்தப் பக்கம் பார்த்தால் கூடும், எதிர்ப்பக்கம் பார்த்தால் குறையும், திசை மாறாது. வலம் பார்த்தால் வலப்பக்கமும் இடம் பார்த்தால் இடப்பக்கமும் துடித்தால், அல்லது நேர் மேலும் கீழுமாகத் துடித்தால், அது மூளை.

மூன்றாவது, கண்களை மாற்றி மாற்றி மூடித் திறக்கும்போது கண் மேலோ கீழோ நகர்ந்து சரிசெய்துகொள்கிறதா என்று பார்ப்பது. நகர்ந்தால் மூளைப் பக்கம் சந்தேகம்.

இந்தப் பரிசோதனை, சுழற்சியும் கண் ஆட்டமும் அந்த நேரத்தில் இருப்பவருக்கு மட்டுமே பொருந்தும். தலைசுற்றல் அடங்கிப்போனவரிடமோ படுத்து எழும்போது மட்டும் சுற்றுபவரிடமோ செய்தால் தலை உந்துதல் இயல்பாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பக்கவாதம் என்று அலறுவது தவறு. கழுத்துக் காயமோ கழுத்து எலும்புத் தேய்மானத்தால் தொந்தரவோ இருப்பவருக்குச் செய்யக்கூடாது. வீட்டில் வீடியோ பார்த்து யாரும் முயல வேண்டாம்.

உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போக வேண்டிய அறிகுறிகள்: பொருள் இரண்டாகத் தெரிவது, பேச்சு குழறல், விழுங்க முடியாமை, முகமோ கையோ மரத்துப்போவது, இதுவரை வராத கடும் தலைவலி அல்லது கழுத்துவலி, புதிதாக ஒரு காது கேட்காமல் போவது, பிடித்துக்கொண்டும் நிற்கவோ உட்காரவோ முடியாமை. கடைசியாகச் சொன்னது முக்கியம். நியூரைட்டிஸ்காரர் ஒரு பக்கம் சாய்வார், ஆனால் பிடிமானத்தோடு நிற்பார். உட்கார்ந்த நிலையிலேயே சரிந்து விழுபவருக்குச் சிறுமூளையைப் பார்க்க வேண்டும்.

ஸ்கேன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பின்மூளைப் பக்கவாதத்தை சிடி ஸ்கேன் பெரும்பாலும் காட்டாது. முதல் 48 மணி நேரத்துக்குள் எடுத்த எம்ஆர்ஐ கூடச் சிறிய அடைப்பைத் தவறவிடலாம். 'ஸ்கேன் நார்மல்' என்ற ஒரு வரியை வைத்து வீட்டுக்கு அனுப்பக்கூடாது. கண் பரிசோதனையில் சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

#4 | இரவுப்பணி_செவிலி

நரம்பியல் சார் சொன்னபடி மூளை இல்லை என்று உறுதியான பிறகு, முதல் மூன்று நாள் பராமரிப்பு பற்றிச் சில குறிப்புகள்.

நல்ல காது கீழே, கெட்ட காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுப்பது பலருக்கு இதமாக இருக்கும். எழும்போது ஒரேயடியாக எழக்கூடாது. முதலில் ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி உட்கார்ந்து, எதிரே அசையாத ஒரு பொருளைப் பார்த்தபடி ஒரு நிமிடம் இருந்துவிட்டு நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டால் சுழற்சி கூடும். பார்வையை நிலைநிறுத்தும்போது கண் ஆட்டம் அடங்குகிறது என்பதால், திறந்து வைத்து ஒரு புள்ளியைப் பார்ப்பதே நல்லது. இதே காரணத்தால் இரவில் கழிப்பறை வழியில் விளக்கு எரிய வேண்டும். இருட்டில் விழுவதுதான் அதிகம்.

துணைக்கு நடப்பவர் கெட்ட காதின் பக்கம் நிற்க வேண்டும், அந்தப் பக்கம்தான் சாய்வார்கள்.

வாந்தி நிற்காதபோது விழுங்கும் மாத்திரை பயன்படாது. அரை மணியில் வெளியே வந்துவிடும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்துக் கரையவிடும் புரோகுளோர்பெரசின் 3 மி.கி., அல்லது நாக்கில் கரையும் ஒன்டான்செட்ரான் 4 மி.கி., இல்லையேல் ஊசி என்று மருத்துவரிடம் கேளுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டு வாய் கொடுத்தால் தங்கும். டம்ளர் நிறையக் கொடுத்தால் திரும்பி வரும். ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றால் சலைன் ஏற்ற வேண்டியிருக்கும்.

ரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் பெருக்கி மாத்திரை, நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்கள் வாந்தி எடுத்துக்கொண்டே அவற்றை வழக்கம்போல விழுங்கக்கூடாது. அன்றே மருத்துவரைக் கேட்டு அளவை மாற்ற வேண்டும்.

#5 | பராமரிப்பில்

காது அடைத்த மாதிரி இருக்கிறது, 'ஙொய்' என்று சத்தம் கேட்கிறது என்றால் அதுவும் இந்த நியூரைட்டிஸில் சேர்ந்ததா? சளி பிடித்தால் எல்லோருக்கும் காது அடைக்கும் அல்லவா?

#6 | ஆடியோ_ரேகை

சேர்ந்தது இல்லை, அதனால்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். நியூரைட்டிஸில் கேட்கும் திறன் குறையாது. சுழற்சியோடு கேட்கும் திறனும் குறைந்தால் அழற்சி உள்காதுக்கே பரவியிருக்கலாம். அதை லேபிரிந்தைட்டிஸ் என்போம். அல்லது உள்காதுக்கு ரத்தம் கொடுக்கும் தமனி அடைத்திருக்கலாம், அது பக்கவாத வகை. இரண்டையும் காதைத் தொட்டுப் பார்த்துப் பிரிக்க முடியாது.

சளியால் வரும் அடைப்பா, நரம்புக் குறைவா என்று தோராயமாக அறிய: வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகச் சொல்லுங்கள். அடைத்த காதில் சத்தம் பலமாகக் கேட்டால் பெரும்பாலும் நடுக்காது அடைப்பு. நல்ல காதில் பலமாகக் கேட்டால் நரம்புக் குறைவு என்று கருதி அன்றே காது மருத்துவரிடம் போங்கள். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்க்கும் வீபர் சோதனையும் இதே தத்துவம்தான். திடீர் நரம்புக் கேள்திறன் குறைவுக்கு ஸ்டீராய்டு சீக்கிரம் தொடங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைகிறது. 'சளி இறங்கட்டும்' என்று சொட்டு மருந்து போட்டுக்கொண்டு காத்திருப்பதில் இழந்த கேள்திறன் நிறைய.

காது மடலிலோ காதுத் துவாரத்திலோ கொப்புளம், காதுக்குள் கடும் வலி, முகம் ஒரு பக்கம் கோணுவது இருந்தால் அது ராம்சே ஹன்ட், சின்னம்மை வைரஸின் வேலை. அங்கே வைரஸ் எதிர்ப்பு மருந்தும் ஸ்டீராய்டும் 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. கொப்புளம் மடலின் பின்பக்க மடிப்பில் ஒளிந்திருக்கலாம். வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

பரிசோதனைகளில் எங்கே பிழை வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காதில் வெந்நீரும் குளிர்நீரும் விடும் கலோரிக் சோதனைக்கு 44 டிகிரி, 30 டிகிரி செல்சியஸ் தண்ணீர். உடல் வெப்பத்துக்கு ஏழு டிகிரி மேலும் கீழும். இரண்டு காதுகளுக்கும் வித்தியாசம் 25 சதவீதத்துக்கு மேல் போனால் ஒரு பக்கம் பலவீனம் என்று கொள்கிறோம். தலைசுற்றல் மாத்திரையை 48 மணி நேரம் முன்பே நிறுத்தாவிட்டால் இரு பக்கமும் மந்தமாகக் காட்டி அறிக்கை குழப்பும். கேமரா பொருத்திய கண்ணாடியை மாட்டிச் செய்யும் வீடியோ தலை உந்துதல் சோதனையில் கிடைமட்டக் குழலின் ஈட்டு மதிப்பு (தலையின் வேகத்துக்குக் கண் எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்ற அளவு) 0.7க்குக் கீழே இருந்தால் குறைவு. இதில் கண்ணாடிப் பட்டை தளர்வாக இருந்தால் கண்ணாடியே வழுக்கி, மதிப்பைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். பட்டையை நன்றாக இறுக்காமல் எடுத்த 'நார்மல்' அறிக்கையை நம்ப வேண்டாம்.

#7 | செவிமருத்துவம்

ஸ்டீராய்டு பேச்சு வந்துவிட்டதால் நியூரைட்டிஸுக்கு என்ன நிலைமை என்று சொல்கிறேன். 2004இல் ஸ்ட்ரூப் குழுவினர் 141 பேரிடம் செய்த ஆய்வு முக்கியமானது. மெத்தில்பிரட்னிசொலோனை 100 மி.கி.யில் தொடங்கி சுமார் மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைத்தார்கள். 12 மாதம் கழித்துப் பார்த்தபோது ஸ்டீராய்டு எடுத்தவர்களின் கலோரிக் விடை கூடுதலாக மீண்டிருந்தது. வாலாசைக்ளோவிர் தனியாகவும் பயன்படவில்லை, ஸ்டீராய்டோடு சேர்த்தும் கூடுதல் பலன் தரவில்லை. ஆகவே கொப்புளம் இல்லாத நியூரைட்டிஸுக்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரை எழுத நியாயமில்லை.

ஆனால் கலோரிக் விடை மீள்வதும் நோயாளி நன்றாக நடப்பதும் ஒன்றல்ல. 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து வந்த காக்ரேன் மறுஆய்வு, எல்லோருக்கும் ஸ்டீராய்டு கொடுக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொன்னது. என் நிலைப்பாடு: முதல் மூன்று நாளுக்குள் வந்தவர், வயிற்றுப்புண்ணோ கட்டுப்படாத சர்க்கரையோ இல்லாதவர் என்றால் லாப நஷ்டத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். ஒரு வாரம் கழித்து வந்தவருக்கு வேண்டாம். நீரிழிவு உள்ளவர் எடுத்துக்கொண்டால் ரத்தச் சர்க்கரையைத் தினம் பல முறை பார்க்க வேண்டும். காலையில் சோதித்தால் மட்டும் போதாது, மதியத்துக்கு மேல்தான் ஏறும்.

#8 | மருந்துக்கணக்கு

மாத்திரை கேள்விக்கு என் பதில்: மூன்று நாள். வாந்தி அதற்கு முன்பே நின்றுவிட்டால் அன்றே.

காரணம் செவி மருத்துவர் எழுதியதிலேயே இருக்கிறது. இரு பக்கத் துடிப்பும் சமமில்லை என்ற பிழையை மூளை உணர்ந்தால்தான் அதைச் சரிக்கட்டக் கற்கும். புரோகுளோர்பெரசின், சின்னரிசின், டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின், டயசெபாம் எல்லாம் அந்தப் பிழைச் செய்தியையே அமுக்கிவிடுகின்றன. முதல் இரண்டு நாள் அது வரம். மூன்றாவது வாரத்தில் அதுவே தடை.

நீண்ட நாள் எடுத்தால் வரும் பக்கவிளைவுகள் வேறு. புரோகுளோர்பெரசின் இளையவர்களுக்குத் தாடையையும் கழுத்தையும் இழுத்துக்கொள்ளச் செய்யலாம். முதியவர்களுக்கு அதுவும் சின்னரிசினும் மாதக்கணக்கில் போனால் பார்க்கின்சன் போன்ற விறைப்பும் நடுக்கமும் வரும். தள்ளாட்டத்துக்கு எழுதிய மாத்திரையே தள்ளாட்டத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும்.

பீட்டாஹிஸ்டின் இந்த அமுக்கும் வகை இல்லை என்பது சரி. ஆனாலும் அதற்கென்றே பெயர்பெற்ற மெனியர் நோயிலேயே (சுழற்சியும் காது இரைச்சலும் கேள்திறன் குறைவும் விட்டுவிட்டு வரும் உள்காது நோய்), 2016இல் வெளியான 221 பேர் ஆய்வில் ஒன்பது மாதம் கொடுத்தும் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. நியூரைட்டிஸில் மாதக்கணக்கில் தொடர நான் காரணம் காணவில்லை.

ஒரு எச்சரிக்கை: டயசெபாம், குளோனசெபாம் வகையை வாரக்கணக்கில் எடுத்திருந்தால் சட்டென்று நிறுத்தக்கூடாது. மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

#9 | பிசியோ_நிலைப்பு

நன்றி. இனி பயிற்சி. வாந்தி அடங்கி, உட்கார முடிந்த நாளே தொடக்க நாள். பலருக்கு அது இரண்டாவது அல்லது மூன்றாவது நாள்.

முதல் பயிற்சி பார்வை நிலைப்பு. வெள்ளைத் தாளில் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே ஓர் எழுத்தை எழுதி, வெற்றுச் சுவரில் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். ஒரு மீட்டர் தள்ளி நாற்காலியில் உட்காருங்கள். எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் வலமும் இடமும் திருப்புங்கள். பக்கத்துக்கு 20 டிகிரி போதும், 'இல்லை இல்லை' என்று தலையாட்டும் அளவுதான். தொடக்கத்தில் 30 விநாடி, பிறகு ஒரு நிமிடம். அடுத்து 'ஆமாம்' என்பது போல மேலும் கீழும். ஒரு வேளைக்கு மூன்று நிமிடம், நாளைக்கு நான்கு வேளை, ஆக 12 நிமிடம். புதிதாக நோய் வந்தவர்களுக்குக் குறைந்தது இவ்வளவு என்பது அமெரிக்க பிசியோதெரபி சங்கத்தின் வழிகாட்டு நெறியிலும் உள்ள கணக்கு. மாதக்கணக்கில் தேங்கிப்போனவர்களுக்கு 20 நிமிடம்.

இதில் எல்லாமே வேகத்தில் இருக்கிறது. மெதுவாக ஆட்டினால் எழுத்து தெளிவாகவே தெரியும், ஆனால் பயன் இல்லை. மெதுவான அசைவில் கண் பொருளைத் தானாகப் பின்தொடர்ந்துவிடுகிறது, காதின் உதவி தேவைப்படுவதில்லை. ஆகவே தலை அசையும்போது பார்வையை நிலைநிறுத்தும் காது-கண் அனிச்சைக்குப் பயிற்சியே கிடைப்பதில்லை. வேகத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே போங்கள். எழுத்து கலங்கத் தொடங்கும் வேகத்துக்கு ஒரு படி கீழே நின்று செய்யுங்கள். தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியில் நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்கி, ஒரு தட்டுக்கு ஒரு திருப்பம் என்று வைத்து, வாரங்களில் 120, அதற்கு மேலும் போகலாம். எழுத்து முழுதாகக் கரைந்து தெரியும் வேகத்தில் ஆட்டுவதும் வீண். எதைச் சரிசெய்வது என்றே மூளைக்குத் தெரியாது.

அடிக்கடி பார்க்கும் தவறுகள்: தலைக்குப் பதில் தோளோடு உடம்பையே திருப்புவது. மூச்சை அடக்கிக் கழுத்தை விறைப்பாக வைப்பது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் போடும் மூக்குக் கண்ணாடியோடு செய்வது. தலையைத் திருப்பும்போது அதன் ஓரம் குறுக்கே வந்து எழுத்து கலங்கும், அது காதின் குறையே இல்லை. ஒரே பார்வைத் திறன் கொண்ட கண்ணாடி இருந்தால் அதைப் போடுங்கள்.

உட்கார்ந்து சுலபமானால் நின்று, அடுத்து கால் சேர்த்து நின்று, அடுத்து நடந்துகொண்டு. வெற்றுச் சுவருக்குப் பதிலாகக் கட்டம் போட்ட துணியைத் தொங்கவிட்டு அதன் மீது எழுத்தை ஒட்டினால் கடினம் கூடும். அதற்கும் அடுத்தது, எழுத்துத் தாளைக் கையில் பிடித்துத் தலைக்கு எதிர்த்திசையில் நகர்த்துவது.

நிலைப் பயிற்சியை அறையின் மூலையில், முதுகு மூலையைப் பார்க்க, முன்னால் ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு செய்யுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடிமானம் இருக்கும். பாதம் சேர்த்து, கண் திறந்து 30 விநாடி. கண் மூடி 30 விநாடி. ஒரு பாதத்தைப் பாதி முன்னால் வைத்து. குதிகால் விரலை ஒட்டி ஒரே கோட்டில். இவை நான்கும் முடிந்த பிறகுதான் தடித்த பஞ்சு மெத்தை மீது நிற்பது. பஞ்சு பாதத்தின் உணர்வைக் குழப்புகிறது, மூடிய கண் பார்வையை எடுத்துவிடுகிறது. மிஞ்சுவது காது மட்டும். அந்தக் கட்டத்தை அருகில் ஆள் இல்லாமல் செய்யவே கூடாது.

#10 | பராமரிப்பில்

பயிற்சி செய்தால் தலைசுற்றல் கூடுகிறது என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு சுற்றினால் சரி, எப்போது நிறுத்த வேண்டும்?

#11 | பிசியோ_நிலைப்பு

கூட வேண்டும், கூடவே இல்லை என்றால் பயிற்சி போதவில்லை. பூஜ்யம் முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். தொடங்கும்போது 2 இருந்து, முடிக்கும்போது 4 அல்லது 5 ஆகலாம். 15, 20 நிமிடத்துக்குள் பழைய 2க்கு இறங்க வேண்டும். மணிக்கணக்கில் இறங்கவில்லை என்றால் அடுத்த வேளை நேரத்தைப் பாதியாக்குங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள். சாப்பிட்ட உடனே செய்ய வேண்டாம்.

உடனே நிறுத்த வேண்டியவை: காதில் திடீர்ச் சத்தமோ கேள்திறன் குறைவோ, பொருள் இரண்டாகத் தெரிதல், கழுத்தில் கூர்மையான வலி, மயங்கி விழும் உணர்வு.

#12 | நரம்பியல்_அவசரம்

கடைசியாகச் சொன்ன 'மயங்கி விழும் உணர்வு' பற்றி. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் எல்லாத் தலைசுற்றலும் காது இல்லை. டெங்கு, இன்ஃப்ளூயன்சா, கோவிட் போன்றவற்றுக்குப் பிறகு, நிற்கும்போது மட்டும் கண் இருட்டுவது, படபடப்பது, உட்கார்ந்ததும் சரியாவது என்று வருபவர்கள் ஏராளம். அவர்களிடம் எழுத்துப் பயிற்சி கொடுத்தால் எதுவும் நடக்காது. எதனால் வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டாலே பாதி பிரிந்துவிடும்.

சோதிப்பது எளிது. ஐந்து நிமிடம் மல்லாந்து படுக்கவைத்து ரத்த அழுத்தமும் நாடியும் எடுங்கள். நிற்கவைத்து 1, 3, 5, 10ஆவது நிமிடத்தில் மறுபடி எடுங்கள். மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால் நிலைமாற்ற அழுத்தக் குறைவு. அழுத்தம் இறங்காமல் நாடி மட்டும் 10 நிமிடத்துக்குள் 30க்கு மேல் ஏறி அங்கேயே நின்றால், 12 முதல் 19 வயது வரை என்றால் 40, பாட்ஸ் என்ற நிலையை யோசிக்க வேண்டும். ஆனால் அறிகுறிகள் மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும், நீரிழப்பையும் ரத்தசோகையையும் முதலில் விலக்கியிருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை, நின்றவுடன் மட்டும் எடுத்துவிட்டு 'பிபி நார்மல்' என்று எழுதுவதால் இந்த நோயாளிகள் தப்பிப்போகிறார்கள். 10 நிமிடம் கூடவே நில்லுங்கள், விழுந்தால் தாங்க ஆள் வேண்டும்.

#13 | செவிமருத்துவம்

நான் முதலில் குறிப்பிட்ட சிக்கல் இன்னும் வரவில்லை, நானே எழுதுகிறேன். நியூரைட்டிஸ் சரியாகி வரும்போது, சில வாரத்திலோ மாதத்திலோ, படுக்கும்போதும் புரண்டு படுக்கும்போதும் மட்டும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுழற்சி வந்தால் அது பழைய நோய் திரும்பியதல்ல. பாதிக்கப்பட்ட யூட்ரிகிளிலிருந்து சுண்ணாம்புத் துகள் கழன்று, உயிரோடு இருக்கும் பின்குழலில் விழுந்திருக்கிறது. இதைத்தான் பிபிபிவி (தலையின் நிலை மாறும்போது வரும் தீங்கற்ற சுழற்சி) என்கிறோம். இதற்கு மாத்திரை தேவையே இல்லை, துகளை வெளியே கொண்டுவரும் எப்லி முறை போதும்.

வலது காதுக்கு: கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து தலையை 45 டிகிரி வலப்பக்கம் திருப்பி, அப்படியே சட்டென்று மல்லாந்து, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே 20 டிகிரி தொங்கும்படி படுக்க வேண்டும். சுழற்சி நின்ற பிறகும் அரை நிமிடம் இருக்க வேண்டும். தலையை இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி அரை முதல் ஒரு நிமிடம். பிறகு உடம்போடு இடப்பக்கம் புரண்டு, மூக்கு தரையைப் பார்க்க அதே அளவு நேரம். மோவாயை நெஞ்சுப்பக்கம் தாழ்த்தி எழுந்து உட்கார வேண்டும். இடது காதுக்கு எல்லாம் எதிர்ப்பக்கம். முதல் தடவை மருத்துவரோ பிசியோவோ எந்தக் காது என்று, தலையைத் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்துக் கண் ஆட்டத்தைப் பார்க்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனையில் உறுதி செய்த பிறகே செய்யுங்கள். காது மாறினால் எவ்வளவு சரியாகச் செய்தாலும் பலிக்காது.

#14 | குழந்தைநலம்

குழந்தைகள் பற்றி ஒரு சொல். சின்னம்மை போன்றவை ஆறி ஒன்று முதல் மூன்று வாரத்தில் நடை தள்ளாடி, கை நடுங்கி, பேச்சு இழுத்தால் அது காது இல்லை, சிறுமூளை. பெரும்பாலும் சில வாரங்களில் முழுமையாகக் குணமாகும், ஆனாலும் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். தூங்கி வழிவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கழுத்து விறைப்பு இருந்தால் அவசரப் பிரிவு. கண் அசைவு குறைந்து, நடை தள்ளாடி, முட்டியில் தட்டினால் கால் துள்ளாமல் இருந்தால், உடலின் எதிர்ப்புசக்தியே நரம்புகளைத் தாக்கும் மில்லர் ஃபிஷர் நோய். இது பெரியவர்களுக்கும் வரும். குழந்தைக்குப் பெரியவர்களின் தலைசுற்றல் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

#15 | பராமரிப்பில்

மூன்று மாதம் ஆகியும், சோதனைகள் எல்லாம் மீண்டுவிட்டன என்று சொல்லியும், கூட்டமான இடத்திலும் நகரும் திரையைப் பார்த்தாலும் மிதப்பது போல இருந்தால்?

#16 | நரம்பியல்_அவசரம்

பிபிபிடி (நீடித்த மிதப்பு, தலைசுற்றல் உணர்வு) என்று 2017இல் வரையறுக்கப்பட்ட நிலை அது. நோயின் முதல் நாட்களில் மூளை காதை நம்பாமல் கண்ணையே நம்பவும், ஒவ்வோர் அடியையும் விழிப்போடு வைக்கவும் பழகியது. காது சரியான பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கற்பனை அல்ல, நோயாளியிடம் 'எல்லாம் மனசுதான்' என்று சொல்வது அநியாயம். பார்வைத் தூண்டலுக்குப் படிப்படியாகப் பழக்கும் பயிற்சி, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் அறிதல் நடத்தைச் சிகிச்சை, தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்து குறைந்த அளவில். முதல் வாரத்திலேயே நடக்கவைத்தால் இந்த நிலைக்குப் போகிறவர்கள் குறைவார்கள் என்பது என் நம்பிக்கை.

#17 | பிசியோ_நிலைப்பு

இன்னொன்று அடிக்கடி பயமுறுத்தும். முழுதாகத் தேறியவருக்கு வேறொரு காய்ச்சலிலோ தூக்கம் கெட்ட நாளிலோ பழைய தள்ளாட்டம் எட்டிப் பார்க்கும். மூளை போட்டுவைத்த ஈடு தற்காலிகமாகத் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நியூரைட்டிஸ் உண்மையிலேயே திரும்ப வருவது அபூர்வம். மணிக்கணக்கான சுழற்சி மறுபடி மறுபடி வந்தால் மெனியரையோ தலைசுற்றல் ஒற்றைத் தலைவலியையோ தேட வேண்டும். தளர்வு மட்டும் என்றால் எழுத்துப் பயிற்சியை இரண்டு வாரம் மறுபடி செய்யுங்கள்.

#18 | பராமரிப்பில்

வண்டி ஓட்டுவது, நீச்சல்?

#19 | பிசியோ_நிலைப்பு

தலையைச் சட்டென்று இரு பக்கமும் திருப்பி, எதிரே உள்ள பலகையைக் கலங்காமல் படிக்க முடியும்வரை வண்டி வேண்டாம். இரு சக்கரம் இன்னும் தாமதமாக. ஏணி, மொட்டைமாடி விளிம்பு வேலைக்கும் இதே விதி. நீச்சலில் ஆபத்து தண்ணீருக்கு அடியில்தான். கண்ணுக்கும் பாதத்துக்கும் பிடி கிடைக்காத இடத்தில் எது மேல், எது கீழ் என்றே தெரியாமல் போகும். பஞ்சு மெத்தை மீது கண் மூடி 30 விநாடி நிற்க முடிந்த பிறகு, இடுப்பளவு நீரில், கூட ஆள் இருக்க, தலையை முக்காமல் தொடங்கலாம்.